மிதக்கும் மேசை

"யாரும் அசையாதீங்க" என்றார் மெக்கானிக்.

யாரும் அசையவில்லை. திரையில் படம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

புது மைக்ராஸ்கோப் அது. அதை வைத்திருந்த மேசையின் நாலு காலிலும் காற்று அடைத்திருந்தார்கள். தெருவில் லாரி போனாலும், மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தாலும், அந்த அதிர்வு மேலே ஏறக் கூடாது. பலகை காற்றில் மிதக்க வேண்டும். படம் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்க வேண்டும்.

நின்றால்தானே.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பொறுப்பான மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்குள் படம் நிற்காவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று. அனுப்பினால் மெக்கானிக்குக்கு வேலை போய்விடும். அவர் பொருத்திய மெஷின் ஒன்று ஏற்கெனவே வேறோர் இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்றைக் கம்பெனி பொறுக்காது.

அவரும் பார்க்காத வைத்தியம் இல்லை. காற்றைக் கூட்டினார், குறைத்தார். மேசைக் காலோரம் இருந்த வால்வுத் திருகை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் திருப்பினார். ஏசியை அணைக்கச் சொன்னார். லிஃப்டை நிறுத்தச் சொன்னார். கடைசியில் மேடம் உட்பட எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்பினார்.

நான் மட்டும் மிச்சம். மேசையைச் சுமந்து வந்து இறக்கியவன் நான்தான். மறுபடி நகர்த்தச் சொன்னால் ஆள் வேண்டுமே. சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். சுமப்பதைவிட அலுப்பான வேலை அது.

அப்போதுதான் கவனித்தேன்.

அவர் எழுந்து போய் வால்வுப் பக்கம் குனியும்போது படம் தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாரோ இல்லையோ, கிடுகிடுவென்று ஆடியது.

பதற்றத்தில் காலாட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். தையல் மெஷினை மிதிக்கிற ஆட்டம். முழங்கால் ஒவ்வொரு தரமும் பலகையின் அடியைத் தட்டிவிட்டு வந்தது.

சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

தொண்டையைச் செருமினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"கொஞ்சம் எழுந்து இடுப்பை நிமித்துங்களேன்" என்றேன்.

"முதல்ல படம் நிமிரட்டுங்க" என்று இன்னும் வேகமாக ஆட்டினார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேடம் கைப்பேசியை எடுத்துக் கம்பெனியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

மெக்கானிக் மறுபடி வால்வுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பியவர் பின்னால் கையைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

படமும் நின்றது.

"காத்து இப்பதான் பிடிச்சிருக்கு மேடம்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மேடம் போய்ப் பார்த்தார். தலையாட்டினார். கைப்பேசியைப் பைக்குள் போட்டார். வெளியே வந்தவர் என்னையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியாக மெக்கானிக்கின் காலைப் பார்த்தார். நின்ற இடத்திலும் ஒரு குதிகால் துள்ளிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சிருக்கே உங்களுக்கு. நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படி மேடம்? கல்யாணம் முடிஞ்சு இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. எடுத்த எடுப்புல, காலை ஆட்டாதீங்க மாப்பிள்ளைன்னு சொன்னா, என் பொண்ணு என்கூடப் பேசுவாளா?"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே மாப்பிள்ளை உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் நிற்கும்போது மாமனார் உட்காரக் கூடாதுதான். ஸ்டூலைக் கீழே போட்டு, அதன்மேல் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன்.