பால் பொங்கிய வீடு

நானூற்றுப் பன்னிரண்டு யூரோ. பின்லாந்தில் குடிபுகுந்த அன்றைக்கே மாரிச்செல்வம் தன் வாடகை வீட்டுக்குப் பட்ட கடன் அது. புதுவீட்டில் பால் காய்ச்சி, அது அடுப்பெல்லாம் வழிந்ததற்கு தானாகவே பேசி நிர்வகிக்கும் அந்த வீடே போட்ட அபராதம்.

“தெரியாமல் பொங்கியது என்றால் தள்ளுபடி செய்கிறேன்,” என்றது சுவரிலிருந்து வீட்டின் குரல்.

“ஏட்டி, ஆமான்னு சொல்லிருவோம்,” என்று மனைவியின் காதைக் கடித்தான்.

“பொங்கணும்னுதான வச்சோம்? குடியேறுத வீட்டுகிட்ட மொதப் பேச்சே பொய்யா?” என்றாள் இசக்கி, நடைபழகும் பிள்ளையை இழுத்துப் பிடித்தபடி.

அவன் உள்ளதைச் சொன்னான். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் வீடுகளுக்குள் தரைக்கல் பதிக்கப் போய் அபராதத்தைக் கட்டி முடித்தான்.

“கடன் தீர்ந்தது,” என்றது வீடு. கூடவே, “அடுத்த முறை பொங்கவிடும்போது முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை அடுப்புப் பக்கம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றது.