ஆர்மோனியத்துக்குக் கிடைத்த ஒன்ஸ் மோர்

மேடையில் சக்கைப்போடு போட்ட நாடகத்தைச் சினிமாவாக எடுத்தார்கள். கம்பெனி ஆர்மோனியமும் ஸ்டுடியோவுக்கு வந்தது. சொதப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அதற்கு உள்ளுக்குள் ஒரே உதறல்.

பாட்டு முடிந்ததும் டைரக்டர், "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

ஆர்மோனியத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாடகக் கொட்டகையில் இந்த வார்த்தைக்காகத்தானே அது உயிரை விட்டது! நாலு சங்கதி கூடச் சேர்த்து இழுத்தது. மறுபடியும், "ஒன்ஸ் மோர்!" இப்படியே பதினோரு தடவை.

"அண்ணே, நீங்க தப்பா வாசிக்கிறதாலதான் திரும்பக் கேட்கிறார். இன்னொரு தடவை இழுத்தா பிடிலைக் கூப்பிட்டுடுவார்," என்றது மைக்.

"உனக்குப் பொறாமை, தம்பி!"

ஆனால் ஆர்மோனியத்துக்கு மூச்சு வாங்கியது. சங்கதி போடத் தெம்பில்லாமல் பாட்டை உள்ளபடியே வாசித்து முடித்தது.

"ஓகே!" என்று டைரக்டர் காபி குடிக்கப் போனார்.

"பார்த்தியா," என்று விம்மியது ஆர்மோனியம். "ஒரே ஒரு தடவை சுமாரா வாசிச்சேன். மனுஷன் எழுந்தே போயிட்டார்!"