இரண்டாவது கியர்

இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு வந்து நின்றது அந்த வெள்ளைக் கார். பழைய கார் விற்கும் அருள்பாண்டி தகரக் கொட்டகைக்குள் இருந்தபடியே மூக்கைச் சுளித்தான். கிளட்ச் கருகும் வாடை.

"எங்கருந்துண்ணே வாரீக?"

"எம். புதுப்பட்டி."

"அங்கருந்து சிவகாசி வரைக்கும் செகண்டுலயேவா வந்தீக? சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுருக்குமே!"

"ஆமா" என்றபடி இறங்கினார் கோட்டைச்சாமி. ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, இடது தோளில் இடுப்பு வரை தொங்கும் அகலத் துண்டு.

மெக்கானிக் முனியராஜ் பானட்டைத் திறந்துவிட்டு இருமினான். "மத்த கியரையெல்லாம் அண்ணன் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு போல."

"இதக் குடுத்துட்டு ஆட்டோமேட்டிக் எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும்" என்றார் கோட்டைச்சாமி.

வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை அவர் ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே சுருட்டுவார்கள். அவற்றைக் காரில் அள்ளிப்போட்டுக் கம்பெனியில் சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு. கொஞ்ச நாளாக லோடு போகவில்லை. காலையில் மேனேஜர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார், நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக. சீசன் யாருக்காகவும் நிற்காது.

கொட்டகையில் ஆட்டோமேட்டிக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிவப்பு நிறம். அதைக் கொடுக்க அருள்பாண்டிக்கு மனமில்லை.

"அண்ணே, நான் பொய் சொல்லி விக்க மாட்டேன். போன மாசம் சாத்தூர்க்காரர் ஒருத்தர் இப்படித்தான் ஆசைப்பட்டு எடுத்தாரு. கிளட்ச்சுன்னு நெனச்சு இடது காலால பிரேக்க ஒரே மிதி. பின்னால வந்த லோடு ஆட்டோ டிக்கிக்குள்ள வந்துருச்சு. கியர் வண்டி ஓட்டிப் பழகுன காலு சும்மா இருக்காதுண்ணே."

"பழகிக்கிருவேன்."

"கியர் வண்டின்னா அது நம்ம கைக்குள்ள இருக்கும். இது அதுவா நெனச்சு அதுவா ஓடும். உங்க வயசு ஆளுக கியர் இல்லாட்டி அதக் காருலயே சேக்க மாட்டாக."

"என் வீட்டுலயும் அப்படித்தான் சொன்னா" என்றார் கோட்டைச்சாமி. "மொதக் காரு வாங்குறப்பவே நான் ஆட்டோமேட்டிக்தான் பாத்தேன். கியர் வண்டிதான் வேணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா."

"அக்கா நல்லா ஓட்டுவாகளோ?"

"ஓட்டவே தெரியாது. ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல."

முனியராஜ் காருக்குள்ளிருந்து சத்தமாகச் சிரித்தான். "ஓட்டத் தெரியாதவுகளுக்கு எதுக்குண்ணே கியரு? அவுக பேச்சக் கேட்டு இப்பக் கிளட்ச்சு கருகிருச்சு பாருங்க. ஆட்டோமேட்டிக்குக்கு இப்பவாவது ஒத்துக்கிட்டாகளா?"

கோட்டைச்சாமி ரோட்டைப் பார்த்தார். டீ வந்தது.

"சாவியக் குடுங்கண்ணே, ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்றான் அருள்பாண்டி. கோட்டைச்சாமி டீ கிளாஸைப் பக்கத்துக் காரின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு கிளாஸை எடுத்துக்கொண்டார். நிதானமான ஆள் என்று நினைத்துக்கொண்டான் அருள்பாண்டி.

முனியராஜ் சோதனை முடித்து இறங்கினான். "கியர்க் குமிழு இடது பக்கம் மட்டும் நல்லாத் தேஞ்சிருக்கு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுச் சந்துல இது கெடந்துச்சு." பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. வெளியே வீசக் கையை ஓங்கினான்.

"ஏலே, போடாத. அத இங்கன குடு."

அதட்டல் மாதிரி வந்தது குரல். முனியராஜ் கொடுத்தான். கோட்டைச்சாமி துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இதற்கு மேல் தடுக்க அருள்பாண்டிக்குத் தோன்றவில்லை. சிவப்புக் காரின் கதவைத் திறந்து அவரை உட்கார வைத்தான்.

"ஒரு தடவ டி-யில போட்டா முடிஞ்சதுண்ணே. பெறகு வண்டி பாட்டுக்குப் போகும். இனிமே நீங்க இடது காலையும் இடது கையையும் வீட்டுலயே வச்சுட்டு வரலாம்."

முனியராஜ் மறுபடி சிரித்தான். கோட்டைச்சாமி சிரிக்கவில்லை.

பெல்ட்டை மாட்டிவிட அருள்பாண்டி குனிந்தான். பெல்ட்டில் சிக்கி, தோளில் கிடந்த துண்டு சரிந்து விழுந்தது. இடது முழங்கைக்குக் கீழே சட்டை மட்டும்தான் இருந்தது. வெறும் துணி. அதை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்.

அந்த ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட சட்டைக் கைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அருள்பாண்டியும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்க வேறொன்று இருந்தது.

"அப்ப... இம்புட்டு வருசமா கியர் எப்படிண்ணே?"

கோட்டைச்சாமி பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார்.

"கியர் போடுறவ போய்ச் சேந்துட்டா, தம்பி."