வலது பக்கத்துத் துணி

“அப்பாவுக்கு இடது மூக்குலதானே ஆபரேஷன் பண்ணாங்க? பில்லுல வலதும் ஏன்க்கா இருக்கு?” என்று ஆஸ்பத்திரியில் பில் போடும் என்னிடம் ஒரு சின்னப் பெண் கேட்டாள். “அது அப்படித்தான் கண்ணு” என்றேன்.

மூக்கில் ரத்தம் நிற்காதவர்களுக்கு ரத்தக்குழாயைக் கட்டுவதற்கு பில்லில் ஒரு எண் உண்டு. பக்கத்தில் இன்னொரு எண்ணைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் செய்ததாகிவிடும். “எல்லாருக்கும் சேர்த்தே போடும்மா. இன்சூரன்ஸ்காரன் பணம், உனக்கெங்க வலிக்குது?” என்பார் மேலாளர். போட்டேன். ஆனால் தையல்காரரான அந்த அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சத்தை அவர் மனைவி தையல் மெஷினை விற்றுக் கட்டினார்.

மறுநாள் வார்டு நர்ஸ் என்னிடம் வந்தாள். “ரத்தம் நிக்க இடது மூக்குல மட்டும்தான் துணி வெச்சோம், வலதுல நாங்க ஒண்ணுமே வைக்கலடி. இன்னிக்கு அதுலேருந்து துணி வருது. இழுக்க இழுக்க வருது, முடிய மாட்டேங்குது. மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார்.”

போய்ப் பார்த்தேன். சளியும் கறுத்த ரத்தமும் ஊறிய துணி, அழுகிய நாற்றத்தோடு கிண்ணம் நிறையச் சுருண்டு கிடந்தது. துணியைவிட, அந்த எண்ணைத் தட்டிய என் விரல்கள்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தன.

வலது பக்கத்துக்காகக் கட்டிய பணத்தை மேலாளர் திருப்பித் தரமாட்டார். மாலையில் என் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையை எடுத்துப்போய், தூங்கிக்கொண்டிருந்தவரின் தலையணைக்கு அடியில் வைத்தேன். வார்டில் யாரும் பார்க்கவில்லை. ஆண்டவனுக்குத் தெரிந்தால் போதும்.

அவர் மூக்கிலிருந்து துணியின் கடைசி முழம் தானாக நழுவி இறங்கியது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். நான் குனிந்து அதை வெறுங்கையால் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.