காதுக்குப் பின்னால்

"முடி மறைச்சிடும் சார். பக்கத்துல வந்து பாத்தாகூடத் தெரியாது," என்றாள் காது மெஷின் பொருத்தும் கல்பனா. இளவரசிக்கு அது கேட்கவில்லை. அவள் புருஷன் மோகன்குமார்தான் தலையாட்டினான்.

"அதான் மேடம் வேணும். எங்க ஊரு காவாந்தண்டலத்துல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது."

சின்ன வயதிலிருந்தே இளவரசிக்கு இரண்டு காதிலும் சீழ். கல்யாணத்துக்குப் பிறகு, பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. சீழ் வடியும் காதுக்குள் மெஷின் வைக்க முடியாது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வழியாகத்தான் சத்தம் போக வேண்டும். அதற்கு ஆபரேஷன் செய்து மெஷினைத் தோலுக்கடியில் வைக்கலாம்; முடி மறைத்துவிடும். இல்லையென்றால், மெஷின் கோத்த பட்டையைத் தலையைச் சுற்றி மாட்டிக்கொள்ளலாம்.

மோகன்குமார் டீ குடிக்க வெளியே போனதும், கல்பனா ஒரு பட்டையை அவளுக்கு மாட்டிப் பார்த்தாள். "சும்மா வராண்டாவுல உக்காந்துட்டு வாங்கம்மா."

இளவரசி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

பெஞ்சில் மோகன்குமாரும் அவன் அக்கா தாயாரம்மாளும் இருந்தார்கள். இளவரசி உட்கார வந்ததும் தாயாரம்மாள் நன்றாகவே தள்ளி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தபடியே தம்பியிடம் ஏதோ சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். எப்போதும்போல் இளவரசியும் சிரித்துவைத்தாள். கையில் வாங்கிய டீ ஆறி ஏடு கட்டியது.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் எதுவுமில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ஃபேன் சுத்துறது கேட்டுச்சு மேடம்."

பின்னாலேயே வந்த மோகன்குமார், "ஆபரேஷனுக்கே எழுதிடுங்க மேடம்," என்றான்.

"வாணாம். இந்தப் பட்டையே போதும்."

"ஆபரேஷன்னா பயமா?" என்றாள் கல்பனா.

இளவரசி இல்லையென்று தலையசைத்தாள். முந்தானை நழுவி, தலையைச் சுற்றியிருந்த கறுப்புப் பட்டை வெளியே தெரிந்தது. மோகன்குமார் முகம் சுளித்தான்.

"இன்னாடி பேஜார் பண்ற? இத மாட்டிக்கினு தெருவுல போனா, மெஷின் வெச்சிக்கினு கீறன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சாதாங்க, எம்முன்னாடியே குந்திக்கினு எங்காது நாத்தத்தப் பேசி சிரிக்க மாட்டீங்க."