நோட்டில் ஒரு முகம்

சம்பளக் கவரை அவர் மேஜைமேல் வைத்ததுமே மனைவி பிரித்துவிட்டாள். உள்ளே எல்லாம் புது நோட்டு. போன வருஷம் இறந்த தலைவர் ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“செத்து மண்ணுகூடக் காயல, அதுக்குள்ள நோட்டுல ஏத்தியாச்சா? நம்ம பிள்ளையைச் சுடச் சொன்ன மூஞ்சிங்க இது!”

நோட்டு அச்சகத்தில் உருவம் செதுக்குவதுதான் அவர் வேலை. குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“இதைச் செதுக்க உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு? ஊர்வலத்துக்குப் போனவனைத் துணியில சுத்திக் கொண்டாந்து போட்டாங்களே, மறந்துடுச்சா?”

“மறக்கல. இரு, குளிச்சிட்டு வந்து எல்லாத்தையும் சொல்றேன்.”

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டுகள், கையில் தையல் ஊசி.

“என்ன பண்றே?”

“கண்ணைக் குத்துறேன். என் வயித்தெரிச்சல் இப்படியாவது அடங்கட்டும்.”

அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“முகம்தான் அந்த ஆளோடது. கண்ணு நம்ம பிள்ளையோடதும்மா. யாருக்கும் தெரியாம செதுக்கினேன். இந்த நாடே அவன் கண்ணைப் பார்க்கட்டும்னு…”

அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில்கூடக் கண் மிச்சமில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். அதே ஊர்வலத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

“அக்கா, ஒரு ஊசி இருந்தா குடுங்க. தெருவே இந்தக் கண்ணைத்தான் குத்திக்கிட்டிருக்கு.”