ஒட்டி வைத்த பாஸ்வேர்டு

"நான்தான்னு சொன்னாப் போதுமா? திருட்டுப்பயலும் நான்தான்னுதான் சொல்லுவான்!" என்றது ஆபீஸ் போனின் கரகரப்புக்கு நடுவே குரல்.

ஜெயச்சந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"யோகு, விளையாடாத. பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில ஒரு கவரை ஒட்டி வச்சிருக்கேன்ல? அதைப் பிரிச்சு, உள்ள இருக்கிற பாஸ்வேர்டை வாசி. அம்புட்டுத்தான்."

"யாரு போன் போட்டுக் கேட்டாலும் அதை மட்டும் குடுக்கக் கூடாதுன்னு இந்த வீட்டுல உத்தரவு."

உத்தரவு போட்டவனே அவன்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் மேனேஜர். ஆபீஸ் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜருக்குள் பூட்டி வைத்திருந்தான். அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, வீட்டில் பத்திரப்படுத்தினான். "என் குரல்லயே கேட்டாலும் நம்பாதீக. இப்பல்லாம் கம்ப்யூட்டரை வச்சே அடுத்தவன் குரல்ல பேசுறானுக" என்று, வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குக்கூடப் பாடம் எடுத்திருந்தான்.

தினமும் செல்போனில் விரல் வைத்தே திறந்து பழகியதில், மாஸ்டர் பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துபோயிருந்தது. அந்தச் செல்போனோ நேற்றுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, இப்போது ரிப்பேர் கடையில் கிடந்தது. வாசலில் தீபாவளி லோடு ஏற்றிய லாரி. பில் போடுகிற சைட்டுக்குள் நுழைந்தால்தான் அது நகரும். மேற்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. முதலாளி சங்கரலிங்கம் எதிரில் நின்று வானத்தையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, கேள்வி கேளு. பதில் சொல்றேன்" என்றான்.

"கல்யாணத் தேதி?"

சொன்னான்.

"இது பத்திரிகை அடிச்ச அச்சாபீஸ்காரருக்கே தெரியுமே. பிறந்த தேதி?"

சொன்னான்.

"அது ஆதார் கார்டுல இருக்கு. அதை எத்தனை கடையில ஜெராக்ஸ் எடுத்திருக்கீகளோ!"

எரிச்சலுக்கு நடுவிலும் ஜெயச்சந்திரனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சொன்னதை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்!

டிரைவர் ஹாரன் அடித்தார். "என்னப்பா, சொந்த வீட்டுலயே உன்னை நம்ப மாட்டேங்காக?" என்றார் முதலாளி.

வேறு வழியில்லை. அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"இந்தா, நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். போன பொங்கலுக்கு வந்த உங்க அம்மா, சித்திரை வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னாகள்ல? பின்பக்கம் நல்ல பாம்பைப் பார்த்தேன்னு நான் சொன்னதும், மறுநாளே காரியாபட்டிக்கு பஸ் ஏறிட்டாக. பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. உன்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, நீயும் பார்த்ததாச் சொல்ல வச்சேன். இப்பவாவது நம்புறியா?"

எதிர்முனையில் விறுவிறுவென்று நடக்கும் காலடிச் சத்தம்.

பிறகு பீரோ கதவு கிரீச்சிட்டது. கவர் கிழிபடும் சத்தம் கேட்டது. குரல் எழுத்தெழுத்தாக, நிறுத்தி நிதானமாக வாசித்தது. ஜெயச்சந்திரன் தட்டத் தட்ட, பூட்டிக் கிடந்ததெல்லாம் திறந்துகொண்டது. முதலாளி முகத்தில் அப்போதுதான் சிரிப்பே வந்தது.

"அப்பாடா! யோகு, உன்னை மாதிரி உஷாரான ஆளை நான் பார்த்ததே இல்ல!"

"யோகேஸ்வரி கடைக்குப் போயிருக்கா. நான் காலையிலதான் ஊர்ல இருந்து வந்தேன், மாப்பிள்ளை."